மாயக்கதை இந்த ஊருக்குப் புதிதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இளம் எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் கவிதைத் தொகுப்பு போட்டவர்கள், முதல் ஃபேண்டஸி (மாயக்கதை) நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பகம் தேடுகிறவர்கள் என்று சிலரிடம் பேசி எழுதியிருக்கிறீர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதைப் பற்றிப் பேப்பரில் ஒரு முழுப் பக்கம் வந்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு கருத்து வந்தது: கவிதைக்கு இங்கே பரம்பரை இருக்கிறது, ஃபேண்டஸி மட்டும் ஆங்கில நாவலும் சினிமாவும் பார்த்து இந்தத் தலைமுறைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், புதுச்சேரி மண்ணில் அதற்கு வேர் கிடையாது என்று. அந்தக் கருத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். இடம் பற்றாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆண்டுகளையும் நூல்களின் பெயர்களையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஏனென்றால் நான் சொல்ல வருவதே அவற்றில்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. கடலூரில் அச்சகத்தில் கம்போசிங்கில் ஆரம்பித்து, அப்புறம் புரூஃப் பார்ப்பவனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீட்டோடு முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பெரிய படிப்பு கிடையாது, ஆனால் கவிதைப் புத்தகம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஃபாரம் ஃபாரமாக, மை காய்வதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். முதல் புத்தகம் போடுகிறவர் அட்டையைத் தொட்டுப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு, அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை. அதனால் ஓர் எழுத்தாளரின் பெரிய விருதுகளைவிட அவருடைய முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் என் மனம் போய் நிற்கும். முதல் கவிதை எந்தப் பத்திரிகையில் வந்தது, எந்தப் பெயரில் வந்தது, முதல் புத்தகத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றுதான் தேடுவேன்.

அப்படிப் பார்த்தால் புதுச்சேரியின் கணக்கு 1908-லேயே தொடங்குகிறது. பாரதியார் இங்கே வந்து சேர்ந்த வருடம் அது. அதற்கு முன்பே அவருக்கு நல்ல தொடக்கம் கிடைத்திருந்தது. 1904-இல் மதுரை 'விவேகபாநு'வில் 'தனிமை இரக்கம்' அச்சானது, அதுதான் அச்சில் வந்த அவருடைய முதல் கவிதை. அதே வருடம் 'சுதேசமித்திர'னில் வேலை. 1907-இல் அவருடைய மூன்று பாட்டுகளை, அரசியலில் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயரே தன் செலவில் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' புத்தகமாக வந்தது. இது எல்லோரும் மேடையில் சொல்கிற வரிசைதான். இதற்கு அடுத்த படியைத்தான் யாரும் சொல்வதில்லை. 'இந்தியா' வார இதழில் தொடராக வந்து, அவர் புதுச்சேரியில் இருந்த 1910-இல் புத்தகமானது 'ஞானரதம்'. அது என்ன புத்தகம் என்று கட்டுரை எழுதியவர் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். திருவல்லிக்கேணியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஒரு வீட்டு மாடியில் சாய்ந்திருக்கிற ஒரு ஆள், ஞானம் என்கிற ரதத்தைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்து லோகம் லோகமாகப் போகிறான். கவலையே இல்லாத உபசாந்தி லோகத்தின் வாசலில் போய் நின்றால், மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்கிறார்கள். அப்புறம் கந்தர்வ லோகம், சத்திய லோகம், திரும்ப மண்ணுலகம், தர்ம லோகம். இதை ஃபேண்டஸி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அதுவும் கவனியுங்கள், இது வந்த இடம் சிறுகதை இதழ் கிடையாது. வரி, சட்டம், கைது, கருத்துப்படம் என்று அரசியலே மூச்சாக இருந்த ஒரு செய்திப் பத்திரிகை. ஒரு செய்திப் பத்திரிகை தன் பக்கங்களில் வாராவாரம் கந்தர்வ லோகத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

'குயில் பாட்டு' பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கத்து மாந்தோப்புதான் அதன் களம், குயில்தோப்பு என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஒரு குயில் மனிதனைக் காதலிக்கிறது, குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதல் வசனத்தைப் பேசுகிறது, முற்பிறவிக் கதை சொல்லிப் பெண்ணாக மாறுகிறது, கடைசியில் கண் விழித்தால் பழைய ஏடும் எழுதுகோலும் கிடக்கிற அறை. பள்ளிக்கூடத்தில் இதற்கு உட்பொருள் என்ன என்று மட்டும்தான் கேட்டார்கள். கதையாக ரசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உட்பொருள் தேடுவது தவறு என்று சொல்ல வரவில்லை, பாரதியாரே கடைசியில் அந்த வம்பை இழுத்து வைத்துவிட்டுத்தான் போகிறார். ஆனால் மாயக்கதை என்று சொன்னால் கவிஞரின் மதிப்பு குறைந்துவிடும் என்பதுபோல ஒரு பயம் நம் பாடம் சொல்லும் முறையில் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் வந்த அந்தக் கருத்துக்கும் அந்தப் பயம்தான் அடி என்று நினைக்கிறேன்.

சரி, பாரதியார் வெளியூர்க்காரர், வந்து தங்கிப் போனவர் என்று யாராவது சொல்லலாம். அதனால் இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே வேலை பார்த்தவருக்கு வருகிறேன். கனக சுப்புரத்தினம், அதாவது பாரதிதாசன், 1891 ஏப்ரல் 29-ஆம் தேதி புதுச்சேரியில் பிறந்தவர். 1909-இல், 18 வயதில், காரைக்கால் பக்கம் நிரவியில் தமிழாசிரியர் வேலை. பிரெஞ்சு அரசாங்கச் சம்பளம். பாரதிதாசன் என்றால் நமக்குச் சிலைதான் கண்ணில் வருகிறது, மீசையோடு, துண்டோடு. அவர் தொடக்கம் அப்படி இல்லை. ஊர்ப் பத்திரிகைகளில் கண்டழுதுவோன், கிறுக்கன், கிண்டல்காரன் என்று பெயரை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் அவர். பாரதியார் சொன்னார் என்று அங்கேயே 'எங்கெங்குக் காணினும் சக்தியடா' பாடி முடிக்க, பாரதியாரே அதைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பெழுதிச் 'சுதேசமித்திர'னுக்கு அனுப்பி வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் அந்தக் குறிப்புதான். பாரதியார் அன்றைக்கு ஊரைவிட்டு வெளியே போக முடியாத நிலையில் இருந்தவர், பணமும் இல்லை. அவரால் ஒரு புதுக் கவிஞனுக்குச் செய்ய முடிந்தது, தன் பெயரைச் சேர்த்து ஒரு வரி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது மட்டும்தான். அதைச் செய்தார்.

அதற்குப் பிறகு பாரதிதாசனின் படிகள் எவ்வளவு மெதுவாக ஏறின என்பதை உங்கள் கட்டுரையில் பேசிய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதல் நூல் 'மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது', 1926-இல். வயது 35. நாத்திகக் கவிஞர் என்று ஊரெல்லாம் அறியப் போகிறவரின் முதல் புத்தகம் முருகன் துதி. மயிலம் இங்கிருந்து திண்டிவனம் போகிற வழியில் இருக்கிற மலைக்கோயில்தான். இதைச் சிலர் மறைத்து எழுதுகிறார்கள், சிலர் குத்திக்காட்டுவதற்காக எழுதுகிறார்கள், இரண்டும் எனக்குப் பிடிப்பதில்லை. முதல் புத்தகத்திலேயே முடிந்த முடிவாக யாரும் பிறந்துவிடுவதில்லை. 1920-களின் முடிவில் அவர் சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வருகிறார். 1930-இல் தாழ்த்தப்பட்டவர்களுக்கான சமத்துவப் பாட்டு, கதர் இராட்டினப் பாட்டு, சிறுவர் சிறுமியருக்கான பாட்டு என்று சின்னச் சின்ன வெளியீடுகள் வரிசையாக வருகின்றன. 'புதுவை முரசு' வார இதழ் வேலையும் அதே காலத்தில்தான். 39 வயது வாத்தியார், பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவும் செய்திருக்கிறார்.

அந்த 1930-இல்தான் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வந்தது. ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தில் வேறு எதைச் சுருக்கினாலும் இந்தப் பத்தியைச் சுருக்காதீர்கள்.

சஞ்சீவி மலையின் சாரலில் குப்பன், வஞ்சி என்று ஒரு காதல் ஜோடி. வஞ்சி கேட்பது பூவையோ தேனையோ அல்ல, இரண்டு மூலிகைகளை. ஒன்றைத் தின்றால் உலகத்தில் மனிதர்கள் பேசுவதெல்லாம் காதில் கேட்கும். இன்னொன்றைத் தின்றால் இருந்த இடத்திலிருந்தே உலகத்துக் காட்சியெல்லாம் கண்முன்னால் தெரியும். பறித்துக் கொடுக்கக் குப்பன் தயங்குகிறான், பெண்ணுக்குப் பேச்சுரிமை கிடையாதா என்று அவள் வாதாடுகிறாள், மலை ஏறுகிறார்கள், முதலில் கேட்கும் மூலிகையைத் தின்கிறார்கள். கடல் கடந்த தேசத்துப் பேச்செல்லாம் காதில் விழுகிறது. அப்புறம் இங்கே, நம் நாட்டுக் குரல் ஒன்று கேட்கிறது: அனுமார் வந்து சஞ்சீவி மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று. தான் உட்கார்ந்திருக்கிற மலையையே தூக்கப் போகிறார்கள் என்று குப்பனுக்கு நடுக்கம் பிடித்துவிடுகிறது. காது மட்டும்தானே திறந்திருக்கிறது, கண் திறக்கவில்லையே. அப்புறம் மற்ற மூலிகையையும் தின்ற பிறகுதான் தெரிகிறது, எங்கோ ஒரு ஊரில் பாகவதர் ஒருவர் காலட்சேபம் செய்கிறார், முடிந்ததும் பணம் வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் கதையின் கருத்தைப் பற்றி, பகுத்தறிவு, பெண்விடுதலை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அதன் கட்டுமானத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஃபேண்டஸி எழுதுகிறவருக்கு அதுதான் உதவும். மாயப் பொருள் ஒன்று கதைக்குள் வந்தால் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதலிலேயே வாசகனிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு அந்த எல்லையிலிருந்தே சிக்கல் பிறக்க வேண்டும். இதைத்தான் இன்று எழுத்துப் பயிற்சிப் பட்டறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். பாரதிதாசன் 1930-இல் அதைச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு மூலிகைக்குக் கேட்கும் சக்தி, ஒன்றுக்குப் பார்க்கும் சக்தி என்று பிரித்து வைத்ததால்தான் குப்பனின் பயம் சாத்தியமாகிறது. இரண்டையும் ஒரே மூலிகையாக வைத்திருந்தால் கதையே கிடையாது. அதோடு, மூடநம்பிக்கையை எதிர்த்து எழுத வந்த ஒருவர் அதற்கு மந்திர மூலிகையையே கருவியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஃபேண்டஸி என்றால் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? உள்ளூரிலும் வெளியுலகத்திலும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் காது திறந்து கேட்க ஒரு பெண் ஆசைப்படுகிறாள், கதையே அவ்வளவுதான். வீட்டில் ரேடியோ என்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் எழுதிய கதை இது.

அடுத்து 1935. 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்று கவிதைக்காகவே ஒரு பத்திரிகை. பாரதியார் ஒரு காலத்தில் எழுதி அனுப்பிய அந்தக் குறிப்பில் இருந்த சொல்லையே பத்திரிகைக்குப் பெயராக வைத்திருக்கிறார் பாருங்கள். முழுக்க முழுக்கப் பாட்டாகவே ஒரு இதழ் நடத்துவது இன்றைக்கும் சுலபம் இல்லை, அன்றைக்கு எவ்வளவு பேர் வாங்கியிருப்பார்கள் என்று யோசித்தால் அந்தத் துணிச்சல் புரியும்.

இப்போது கடலூருக்கு வருகிறேன், என் சொந்த ஊர், சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதி 1938-இல் வெளிவந்தது. சுயமரியாதை இயக்கத்துக் குத்தூசி குருசாமியும் அவர் மனைவி குஞ்சிதம் அம்மையாரும் முயற்சி எடுத்தார்கள், பணம் கொடுத்து உதவியவர் கடலூர் நாராயணசாமி நாயுடு. அந்தத் தொகுதிதான் அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதுவரை துண்டுத் துண்டாக, பத்திரிகைத் தாள்களிலும் சிறு வெளியீடுகளிலும் சிதறிக் கிடந்த பாட்டுகள் ஒரு புத்தகமாகக் கையில் வந்தன. அப்போது அவருக்கு 47 வயது. கணக்குப் பாருங்கள், பாரதியாரைச் சந்தித்து சுமார் 30 ஆண்டு கழித்து. அதற்கும் 8 ஆண்டு கழித்துத்தான் 1946-இல் அண்ணா முன்னின்று நடத்திய விழா, 25,000 ரூபாய் பொற்கிழி எல்லாம். நம் பத்திரிகைகள் ஏப்ரல் மாதத்தில் எழுதுகிற கட்டுரைகள் பெரும்பாலும் அந்த 1946 மேடையிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அதற்கு முந்தைய நீண்ட வாசற்படிகளை ஒரே பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். இன்று எழுத ஆரம்பிக்கிற பிள்ளைக்கு மேடை எதற்கு? 1926-க்கும் 1938-க்கும் நடுவில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் அவளுக்கு வேண்டும்.

அச்சகத்துக்காரன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். முதல் கவிதைப் புத்தகம் எந்தக் காலத்திலும் விற்பனையை நம்பிப் பிறந்தது இல்லை. யாராவது ஒருவர் கை கொடுத்துத்தான் பிறந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி என்பது சாதாரணமாக வழங்கிய எண்ணிக்கை, காகிதம் வாங்கி, எழுத்துக் கோத்து, புரூஃப் பார்த்து, பைண்டிங் முடித்து எடுத்தால் வீட்டுத் திண்ணை நிறைய கட்டுகள் நிற்கும், கவிஞரின் மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கும். இன்று அந்தக் கஷ்டம் இல்லை. கணினியில் பக்கம் கோத்து (டி.டி.பி.) கொடுத்தால் 50 பிரதி, 100 பிரதி என்று கேட்கிற அளவுக்கு அச்சடித்துத் தருகிறார்கள். புத்தகத்துக்கு அடையாளமாக வைக்கிற ஐ.எஸ்.பி.என். எண்ணும் நம் நாட்டில் காசில்லாமல் கிடைக்கிறது, ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு அமைப்பில் விண்ணப்பித்தால் போதும். இதற்கென்று தனியாகப் பணம் கேட்கிறவர்களிடம் பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அச்சடிப்பது லேசாகிவிட்டது. படிக்க ஆள் கிடைப்பதும், முதல் வாசகனாக ஒரு பத்திரிகை நிற்பதும்தான் இன்று அரிதாகிவிட்டது.

கடலூரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புதுமைப்பித்தனை விட்டுவிட முடியாது. திருநெல்வேலிக்காரர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அவர் பிறந்தது 1906-இல் எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய முதல் எழுத்து 1933-இல் 'காந்தி' பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை, அடுத்த வருடமே 'மணிக்கொடி'யில் சிறுகதைகள், 1940-இல் முதல் தொகுப்பு. கவிதையும் வேறொரு பெயரில் எழுதியிருக்கிறார். சென்னைத் தெருவில் கடவுளே வந்து நின்று, கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடித்து, அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டுகிற கதையை 1943-இல் எழுதினார். கடலுக்கடியில் கபாடபுரத்துக்குப் போகிற கதையும் அவருடையதுதான். ஆக, கடலூரிலிருந்து புதுச்சேரி வரை இருக்கிற இந்த இருபது சொச்சம் கிலோமீட்டர் கடற்கரையோடு சம்பந்தப்பட்ட மூன்று பெரிய எழுத்தாளர்கள் கவிதையும் எழுதினார்கள், மாயக்கதையும் எழுதினார்கள். வேர் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் இவ்வளவு உணர்ச்சிவசப்படுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள், பெயர் வேண்டாம். கவிதை எழுதுவாள், ஒரு சிறு பத்திரிகையில் சில கவிதைகள் வந்திருக்கின்றன. இப்போது ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறாள். மழைக்காலத்தில் கெடிலம் ஆறு ஒரு கிழவியின் உருவத்தில் ஊருக்குள் வந்து, தன் இடத்தில் கட்டியிருக்கிற ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டி வாடகை கேட்கிறது. பணமாகக் கொடுத்தால் வாங்காது, அந்த வீட்டுக்காரர் மறைத்து வைத்திருக்கிற ஒரு ஞாபகத்தைக் கேட்கும், கொடுத்துவிட்டால் அது அவருக்கு அப்புறம் நினைவிலேயே வராது. நான் கையெழுத்துப் பிரதியை வாங்கி, பழைய பழக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்தேன், சில பக்கத்துக்கு மேல் பென்சில் ஓடவே இல்லை, கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. வெள்ளம் பார்த்த கடலூர்க்காரன் எவனும் அந்தக் கதையை வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்ல மாட்டான்.

அவள் ஒரு பதிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். எந்தப் பதிப்பகம் என்பது இங்கே தேவையில்லை. கவிதைத் தொகுப்பு என்றால் பாதிப் பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்களாம், அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது, அவர்களுக்கும் கடை வாடகை இருக்கிறது. ஆனால் நாவலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், தமிழில் ஃபேண்டஸி எடுபடாது, முதலில் ஒரு குடும்பக் கதை எழுதிப் பெயர் வாங்கு, அப்புறம் இதெல்லாம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரமே உங்கள் கட்டுரை வருகிறது, ஃபேண்டஸிக்கு இங்கே வேரில்லை என்று. அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் எதுவும் சொல்லவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில் வந்தால் என்ன நினைக்கும்?

உங்கள் செய்தியாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. கட்டுரையில் உழைப்பு தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுத்தது அப்படி. பாரதிதாசன் என்றால் தமிழுக்கும் அமுதென்று பேர், பாரதியார் என்றால் தேசபக்தி, அதற்கு மேல் யாரும் அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகவில்லை. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நடந்தே போகலாம். உங்கள் அலுவலகத்துப் புதுப் பிள்ளைகளை ஒரு நாள் அனுப்புங்கள். அப்படியே ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கும். 1827-லிருந்து இருக்கிற நூலகம், பழைய புத்தகம் படிக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஏப்ரல் 29-க்குப் பாரதிதாசன் பற்றி எழுதும்போது 1946 மேடையை ஓரமாக வைத்துவிட்டு, 1909 முதல் 1938 வரை எழுதுங்கள். புனைபெயர்கள், துதியமுது, சாரல், கவிதா மண்டலம், கடலூர்க்காரர்கள் கை கொடுத்த தொகுதி என்று வரிசையாகப் போகட்டும். கடலூர் புத்தகக் கண்காட்சி நடத்துகிறவர்கள் 1938 தொகுதிக்காக ஒரு அரங்கு ஒதுக்கினால் அதைச் செய்தியாகப் போடுங்கள், ஒதுக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள், அந்த ஊர்க்காரர்களுக்கே இது தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அதைவிட முக்கியமாக, ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வேண்டும். முழுப் பக்கம்கூட வேண்டாம், சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் பாதிப் பக்கம் போதும். மாதத்தில் இரண்டு வாரம் புதியவர்களின் கவிதை, இரண்டு வாரம் மாயக்கதைத் தொடர். சன்மானம் சிறியதாக இருந்தாலும் கொடுங்கள், பத்து ரூபாய் என்றாலும் எழுத்துக்கு வந்த பணம் என்று பிள்ளைகள் பத்திரமாக வைத்திருப்பார்கள். வாசகர் படிப்பார்களா என்று விற்பனைப் பிரிவில் கேட்பார்கள். ஞானரதம் ஓடிய பத்திரிகையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தப் புத்தகமே நமக்கு இருந்திருக்காது என்று சொல்லுங்கள். புரூஃப் பார்க்க ஆள் இல்லை என்றால் நான் பார்த்துத் தருகிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, காசு வேண்டாம்.

கெடிலம் கதையின் முதல் அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன், அரை மனதோடு சரி என்றிருக்கிறாள். யார் பெயருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை சொல்லுக்குள் இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தெரிவித்தால், அவளோடு சேர்த்து இந்த வட்டாரத்தில் எழுதிக்கொண்டிருக்கிற மற்றவர்களும் அனுப்புவார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அச்சகத் தொழிலாளி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி